கண்ணாடி அலமாரிக்குள் ஒரு விண்கலம்

நண்பர் ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி. அவர் வீட்டு ஹாலில், சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே 'மில்லேனியம் ஃபால்கன்'. ஸ்டார் வார்ஸ் படத்தில் ஹான் சோலோ ஓட்டுவாரே, அந்த ஓட்டை விண்கலம். லெகோ பொம்மை. மொத்தம் 7,541 துண்டுகள். லீவு நாட்களிலெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்து முடித்திருக்கிறார். அலமாரிக்குப் பூட்டு உண்டு. அவருடைய பையன் உட்பட, குழந்தைகள் யாரும் தொடக்கூடாது.

போன வாரம் அங்கே காபி சாப்பிடப் போயிருந்தேன்.

"எங்க காலத்து ஸ்டார் வார்ஸ், ஸ்டார் ட்ரெக் மாதிரி இனிமே வராது சார். எவ்ளோ ஜாலியா இருந்துச்சு! இப்ப எடுக்கறவன் எல்லாம் அரசியல் பேசறான். பொம்பளைய ஹீரோ ஆக்கறான், கறுப்பரைக் கொண்டு வர்றான். அப்பல்லாம் இது எதுவும் கிடையாது. விண்வெளி, சண்டை, சாகசம், அவ்ளோதான். பழசை அப்படியே எடுத்தாலே போதும். கெடுக்காம இருந்தா சரி" என்றார்.

காபி நன்றாக இருந்ததால் அங்கே சண்டை போடவில்லை. இங்கே போடுகிறேன்.

முதலில் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிடுகிறேன். எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார் ட்ரெக் போட்டது. பக்கத்து வீட்டு சாலிடர் டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தவன் நான். கேப்டன் கிர்க் பேசும் இங்கிலீஷில் முக்கால்வாசி புரியாது. ஆனால் ஸ்பாக்கின் கூர்க் காது புரிந்தது. பக்கத்தில் போனதும் 'உஷ்' என்று தானாகத் திறக்கும் கதவு புரிந்தது. செட்டுக்குப் பின்னால் ஆள் நின்று கையால் இழுத்துத்தான் அந்தக் கதவு திறந்தது என்பது ரொம்ப வருடம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தக் கதவின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

ஆகவே, பழசை நினைத்து உருகுகிறவர்களைக் கிண்டல் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. உருகுங்கள், தப்பே இல்லை. உருகிக்கொண்டே பொய் சொல்லாதீர்கள். என் சண்டை அதற்குத்தான்.

நண்பரின் முதல் பொய்: அந்தக் காலத்தில் அரசியல் கிடையாது.

ஸ்டார் ட்ரெக் அமெரிக்காவின் என்.பி.சி. டி.வி.யில் தொடங்கியது 1966 செப்டம்பர் 8-ல். அது எப்பேர்ப்பட்ட அமெரிக்கா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கறுப்பர்களின் ஓட்டுரிமையைப் பாதுகாக்கச் சட்டம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்துகொள்வது பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். அந்தத் தடை சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் ஒழிந்தது 1967 ஜூனில். ரஷ்யாவோடு பனிப்போர். வியட்நாமில் நிஜப்போர்.

அந்தச் சமயத்தில் 'எண்டர்பிரைஸ்' விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் யார் யாரை உட்கார வைத்தார் ஜீன் ராடன்பெரி? தகவல் தொடர்பு அதிகாரியாக ஊரா என்ற கறுப்பினப் பெண். கலத்தைச் செலுத்துபவராக சூலு என்ற ஆசியர். இரண்டாவது சீசனில் செக்காவ் என்ற ரஷ்யர். சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேய் யார் தெரியுமா? இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு முள்வேலி முகாமில் அடைத்து வைத்த குடும்பத்துப் பிள்ளை. முகாமுக்குப் போகும்போது அவருக்கு வயது ஐந்து. அந்தப் பிள்ளையை வளர்ந்த பிறகு ஒரு விண்கலத்தின் அதிகாரியாக அமெரிக்காவின் வரவேற்பறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியதில் அரசியல் இல்லையாம்!

ஊராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலகிப்போகத் தீர்மானித்திருந்தார். ஒரு விழாவில் அவரைச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். கறுப்பர்களைச் சமமானவர்களாக உலகம் பார்ப்பதற்கு அந்த வேடம் எவ்வளவு முக்கியம் என்று எடுத்துச் சொன்னார். தன் குழந்தைகளைப் பார்க்க அனுமதித்த அபூர்வமான டி.வி. நிகழ்ச்சி அது என்றும் சொன்னாராம். நிக்கோல்ஸ் தன் வாழ்நாள் முழுக்கப் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார். கிங்குக்குத் தெரிந்த அரசியல் நம் நண்பருக்குத் தெரியவில்லை.

1968 நவம்பர் 22-ல் ஒளிபரப்பான அத்தியாயத்தில் கிர்க்கும் ஊராவும் முத்தமிட்டுக்கொண்டார்கள். வெள்ளை ஆண், கறுப்புப் பெண், அதுவும் அமெரிக்க டி.வி.யில். எவ்வளவு துணிச்சல் என்பது அந்தக் காலத்து ஆசாமிகளுக்குத்தான் தெரியும். 1969 ஜனவரியில் வந்த இன்னொரு அத்தியாயத்தில் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் ஒருவரையொருவர் கொல்லத் துரத்துவார்கள். இருவருக்கும் முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவருக்கு வலப்பக்கம் கறுப்பு, மற்றவருக்கு இடப்பக்கம். பகைக்குக் காரணம் அதுதான், வேறு ஒன்றும் கிடையாது. ஊருக்குத் திரும்பினால் அவர்களுடைய கிரகமே இந்தச் சண்டையில் அழிந்து கிடக்கும். அப்போதும் துரத்தலை நிறுத்த மாட்டார்கள். இதைவிடப் பச்சையாக அரசியல் பேச முடியுமா? இதற்கு மேல் வேண்டுமென்றால் மேடை போட்டு மைக் வைத்தால்தான் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் நண்பர் மாதிரி ஆகிவிடுவேன். அதே ஸ்டார் ட்ரெக்கில் பெண் அதிகாரிகளுக்குக் கொடுத்த யூனிஃபார்ம் குட்டைப் பாவாடை. 1969 ஜூன் 3-ல் வந்த கடைசி அத்தியாயத்தில், விண்கலக் கேப்டன்களின் உலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஒரு பெண் பாத்திரமே புலம்பும். அந்த ஆத்திரத்தில் கிர்க்கின் உடம்பையே பிடுங்கிக்கொள்ளும் பைத்தியக்காரியாக அவளைக் காட்டினார்கள். ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றின் நாயகியாகப் பெண் கேப்டன் ஒருவர் வர 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய படைப்பு தெய்வ வாக்கு இல்லை. அன்றைக்கு இருந்த சிலர் தங்கள் காலத்தோடு மல்லுக்கட்டி, கொஞ்சம் ஜெயித்து, கொஞ்சம் தோற்ற கதைதான் அது. அந்த மல்லுக்கட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அட்டைச் செட்டும் ஒட்டுக் காதும்தான்.

'சரி சார், ஸ்டார் ட்ரெக் அப்படி. ஸ்டார் வார்ஸ் வெறும் தேவதைக் கதைதானே' என்று நீங்கள் கேட்கலாம்.

1977 மே 25-ல் முதல் நாள் 32 தியேட்டர்களில் மட்டும் வெளியான அந்தப் படத்தின் விதையில் வியட்நாம் போர் இருக்கிறது. நவீன ஆயுதங்கள் குவித்த பெரிய சாம்ராஜ்யத்தை, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு சின்னக் கூட்டம் ஒன்று எதிர்க்கும் கதை. இதில் சாம்ராஜ்யம் என்பது அன்றைய அமெரிக்காதான் என்று இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அதாவது, அமெரிக்கக் குழந்தைகள் பாப்கார்ன் தின்றுகொண்டே தங்கள் அரசாங்கத்தின் தோல்விக்குக் கை தட்டினார்கள். ஜாலியாகத்தான் இருந்தது. அரசியலும் இருந்தது. இரண்டும் ஒரே இலையில் பரிமாறப்பட்டதுதான் அந்தப் படத்தின் சாமர்த்தியம்.

நாற்பது வருடம் கழித்து என்ன நடந்தது பாருங்கள். 2017-ல் வந்த 'தி லாஸ்ட் ஜெடை' படத்தில் கெல்லி மேரி ட்ரான் என்ற நடிகை முக்கிய வேடத்தில் வந்தார். வியட்நாமிலிருந்து அகதிகளாக அமெரிக்கா வந்த பெற்றோரின் மகள். வியட்நாம் போரில் முளைத்த ஒரு கதைக்குள், அந்தப் போர் துரத்திய குடும்பத்துப் பெண் வந்து நிற்கிறாள். வாசலில் ஆரத்தி எடுத்திருக்க வேண்டாமா?

ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரை நார் நாராகக் கிழித்தது. இனத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி. 2018 ஜூனில் அவர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு ஒதுங்கினார். அடுத்த படத்தில் அவர் வேடம் கறிவேப்பிலை அளவுக்குச் சுருக்கப்பட்டது. கேட்டால், 'எங்கள் பால்யத்தைக் கெடுக்கிறார்கள்' என்று பதில்.

என் கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய நினைவில் ஏங்குவது அவரவர் சொந்த விஷயம். அந்த ஏக்கத்தைக் கழியாகச் செதுக்கி இன்னொருத்தர் முதுகில் அடித்தால், அப்புறம் அது சொந்த விஷயம் இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. 1999-ல் லூகாஸே எடுத்த 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரம் வந்தது. அதற்கு உயிர் கொடுத்தவர் அகமது பெஸ்ட் என்ற இளைஞர். எங்கள் படத்தை நாசமாக்கிவிட்டான் என்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். தற்கொலை எண்ணம் வரை போனேன் என்று 2018-ல் அவரே வெளியில் சொன்னார். ஒரு பொம்மைப் பாத்திரம் பிடிக்கவில்லை என்பதற்காக!

வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் படத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்கு அதுதான் பொற்காலம். 25 வருடம் நிறைந்தது என்று 2024-ல் அதே படம் மறுபடி தியேட்டர்களுக்கு வந்தது, கூட்டம் போனது. 2023-ல் 'தி மாண்டலோரியன்' தொடரில் அகமது பெஸ்ட் ஒரு ஜெடை வீரராக வந்தபோது ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். அன்றைக்குக் குப்பை, இன்றைக்குக் கோமேதகம். படம் மாறவில்லை. பார்த்தவர்களுக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு உண்மை தெரிகிறது. நாம் ஏங்குவது படத்துக்காக இல்லை. அதைப் பார்த்தபோது நமக்குப் பன்னிரண்டு வயது. அந்த வயதுக்காக ஏங்குகிறோம். அதை எந்த டைரக்டராலும் திருப்பித் தர முடியாது. தரவில்லை என்று அவர் சட்டையைப் பிடிப்பது என்ன நியாயம்?

இரண்டாவது பொய்: பழசை 'அப்படியே' வைத்திருக்க வேண்டும்.

எந்தப் பழசு? முதல் ஸ்டார் வார்ஸ் படம் தொடங்கும்போது மஞ்சள் எழுத்துகள் வானத்தில் மேலேறிப் போகுமே, அதில் 'எபிசோட் 4' என்று பார்த்ததாக நம் நண்பர் சத்தியம் செய்வார். 1977-ல் அந்த வரி கிடையாது. 1981-ல் மறுவெளியீட்டின்போதுதான் சேர்த்தார்கள். 1997-ல் லூகாஸ் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வைத்து இன்னும் நிறைய மாற்றினார். மதுக்கடையில் தன்னை மிரட்டும் கிரீடோவை ஹான் சோலோ முந்திக்கொண்டு சுடுவது பழைய படம். புதுசில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுவான். ஹீரோவை நல்ல பிள்ளை ஆக்கினார்களாம்.

இதே லூகாஸ் 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் நின்று, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் அடிக்கிறவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று சாடியவர். ஊருக்கு உபதேசம். 1989-ல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று முதல் 25 படங்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் ஸ்டார் வார்ஸும் ஒன்று. ஆனால் 1977-ல் ஜனங்கள் பார்த்த அதே வடிவத்தை நல்ல தரத்தில் பார்க்க, பிறகு பல வருடங்கள் வழியில்லாமல் போனது. 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தன் விழாவில் 1977-ன் அசல் பிரிண்டைத் திரையிட்டபோது அது உலகச் செய்தி ஆனது.

'அப்படியே வேண்டும்' என்று கத்துகிறவர்கள் நியாயமாக எதற்குக் கத்தியிருக்க வேண்டும்? பழைய படத்தைப் பத்திரமாக வையுங்கள், எங்களுக்குக் காட்டுங்கள் என்றுதானே? அப்படிப் போராடிய நல்ல ரசிகர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மற்றவர்கள் கேட்டதோ, புதுப் படத்தையும் பழசு மாதிரியே எடு என்று. அசலைக் காப்பாற்று என்பது வேறு, நகல் போட்டுக்கொண்டே இரு என்பது வேறு. முன்னது பிரியம். பின்னது பிடிவாதம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

லூகாஸும் நம் நண்பர் மாதிரி பழசுக்காக ஏங்கியவர்தான். சின்ன வயதில் டி.வி.யில் பார்த்த 'ஃப்ளாஷ் கார்டன்' மேல் அவருக்கு அடங்காத காதல். 1936-ல் தியேட்டர்களுக்காக 13 பாகங்களாக எடுத்த விண்வெளி சாகசத் தொடர் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் அதைத் திரும்ப எடுக்க ஆசைப்பட்டு உரிமை கேட்டுப் போனார். கிடைக்கவில்லை.

அந்த மறுப்புக்கு நாம் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும். உரிமை கிடைத்திருந்தால் இன்னொரு ஃப்ளாஷ் கார்டன் வந்திருக்கும். கிடைக்காததால் அவர் சொந்தமாக யோசிக்க வேண்டியதாயிற்று. பழைய தொடர்களிலிருந்து மேலேறும் எழுத்துகளை எடுத்தார். அகிரா குரோசாவாவின் 'ஹிடன் ஃபோர்ட்ரஸ்' (1958) படத்தில் வரும் இரண்டு குடியானவர்களைப் பார்த்து இரண்டு ரோபோக்களைச் செய்தார். இரண்டாம் உலகப்போர்ப் படங்களின் விமானச் சண்டைகளை வெட்டி ஒட்டிப் பார்த்து விண்வெளிச் சண்டையை அமைத்தார். செய்திகளில் பார்த்த வியட்நாமைச் சேர்த்தார். பல கொல்லைகளில் பறித்த காய்தான், ஆனால் குழம்பு அவருடையது. அதற்கு முன் யாரும் ருசி பார்க்காத குழம்பு.

இப்போது நிலைமை தலைகீழ். 2012-ல் டிஸ்னி கம்பெனி சுமார் 405 கோடி டாலருக்கு லூகாஸ் ஃபிலிமை வாங்கியது. உரிமை கைக்கு வந்துவிட்டது. 2015-ல் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' வந்தது. பாலைவனக் கிரகத்தில் ஓர் அநாதை. ரகசியத்தைச் சுமந்துகொண்டு தப்பி வரும் குட்டி ரோபோ. முகமூடி வில்லன். கிரகங்களை அழிக்கும் பிரம்மாண்ட ஆயுதம். கடைசியில் சின்ன விமானங்கள் போய் அதை வெடிக்க வைக்கின்றன. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 1977-ல் பார்த்தீர்கள். வசூல் 200 கோடி டாலருக்கு மேல். நானும் டிக்கெட் வாங்கியவன்தான், பழைய ஃபால்கன் திரையில் தெரிந்ததும் எனக்கும் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்: என் கண்ணீரை எனக்கே விற்றுவிட்டார்களே!

அதோடு விட்டார்களா? 2016-ல் 'ரோக் ஒன்' படத்தில் பீட்டர் குஷிங் நடித்தார். அவர் இறந்தது 1994-ல்! இன்னொரு நடிகரை நடிக்க வைத்து, கம்ப்யூட்டரில் குஷிங்கின் முகத்தைச் செய்து மேலே பொருத்தினார்கள். வாரிசுகளின் சம்மதத்தோடு நடந்ததுதான், சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் யோசியுங்கள். புதுசாக ஒரு வில்லனைப் படைத்தால் ரசிகன் ஏற்க மாட்டான் என்று பயந்து, இருபத்திரண்டு வருடம் முன்பு இறந்தவரை எழுப்பிக் கூட்டி வருகிற நிலைமைக்கு ஒரு கலை வந்திருக்கிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? நண்பரும் நானும்தான். நீங்களும்.

கம்பெனியைத் திட்டுவது சுலபம். அவன் வியாபாரி. எது விற்குமோ அதைச் செய்வான். புதுசு வந்தால் கல்லெறிகிறோம், பழசு வந்தால் கியூவில் நிற்கிறோம். அப்புறம் 'இவனுங்களுக்குக் கற்பனையே இல்லை சார்' என்று அலுத்துக்கொள்கிறோம். தோசையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இந்த ஓட்டலில் தோசை தவிர வேறு கிடையாதா என்று கோபப்பட்டால் சர்வர் சிரிப்பாரா, மாட்டாரா?

அப்படியானால் பழசை எப்படித்தான் நேசிப்பது? அதற்கும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

பிரிட்டனில் 1963-ல் பி.பி.சி. 'டாக்டர் ஹூ' என்ற விண்வெளி, காலப் பயணத் தொடரைத் தொடங்கியது. அந்த நாளில் வீடியோ டேப் விலை அதிகம், வைத்துக்கொள்ள இடமும் இல்லை. எனவே பழைய அத்தியாயங்களை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். அறுபதுகளின் அத்தியாயங்களில் 90-க்கும் மேற்பட்டவை இன்றுவரை படமாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவற்றின் ஒலி முழுக்க இருக்கிறது! எப்படி? சில ரசிகர்கள், பலர் சின்னப் பையன்கள், ஒளிபரப்பின்போது டி.வி. பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்து வைத்திருந்தார்கள். பி.பி.சி. தொலைத்ததைப் பையன்கள் காப்பாற்றினார்கள். அந்த ஒலியை வைத்துப் பின்னாளில் பல அத்தியாயங்களை அனிமேஷனாகவே உருவாக்கினார்கள். பிரியம் என்றால் இது!

ஸ்டார் ட்ரெக்கை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் என்ற தம்பதி ஊர் ஊராக ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுத வைத்தார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதம். 1968-ல் என்.பி.சி. பணிந்து, மூன்றாவது சீசன் வந்தது. பிறகு 1976-ல் நாசாவின் முதல் ஸ்பேஸ் ஷட்டிலுக்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயர் வைக்க இருந்தபோது, ரசிகர்கள் அதிபர் ஃபோர்டுக்கு எழுதிக் குவித்து அதை 'எண்டர்பிரைஸ்' ஆக்கினார்கள்.

அந்த எண்டர்பிரைஸ் ஒரு சோதனை ஓடம். விண்வெளிக்குப் போகவே இல்லை. பெயரில் மட்டும் திருப்திப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஊராவாக நடித்த நிக்கோல்ஸ் அடுத்த படிக்குப் போனார். 1977-ல் நாசாவோடு சேர்ந்து, பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர்களாக விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். 1978-ல் தேர்வான அணியில் சாலி ரைடு இருந்தார். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். கையன் ப்ளூஃபோர்டு இருந்தார். அங்கே போன முதல் கறுப்பின அமெரிக்கர். சின்ன வயதில் டி.வி.யில் ஊராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-ல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். மறுவருடம் அவரே ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தலைமுறைத் தொடரில் ஒரு காட்சியில் நடித்துவிட்டு வந்தார். கதையிலிருந்து நிஜத்துக்குப் போய், நிஜத்திலிருந்து கதைக்குத் திரும்பிய பெண்! இவர்கள் யாரும் 'எங்க காலம் மாதிரி வராது' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

திரும்ப எடுப்பதே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. 1978-ல் வந்த 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரை 2003-ல் ரொனால்ட் மூர் கையில் எடுத்தார். ஸ்டார்பக் என்ற சுருட்டுப் பிடிக்கும் வாலிப விமானியைப் பெண்ணாக மாற்றினார். பழைய ஸ்டார்பக்காக நடித்தவரே எரிச்சலோடு கட்டுரை எழுதினார். ரசிகர்கள் குதித்தார்கள். ஆனால் அமெரிக்கா இராக்கை ஆக்கிரமித்திருந்த நாட்களில், ஆக்கிரமிப்புக்கு எதிராகத் தற்கொலைத் தாக்குதல் நடத்துகிறவர்களாகத் தன் ஹீரோக்களையே அந்தத் தொடர் காட்டியது. பீபாடி விருது வாங்கியது. பழைய தொடரின் எலும்பை எடுத்துத் தன் காலத்தின் சதையைப் போர்த்தியது.

2022-ல் வந்த 'ஆண்டோர்' இன்னோர் உதாரணம். ஸ்டார் வார்ஸ் உலகம்தான், ஆனால் மந்திர சக்தி வீரனோ ஒளி வாளோ கிடையாது. ஒரு சாதாரணத் திருடன் எப்படிப் போராளி ஆகிறான், சர்வாதிகாரத்தில் குமாஸ்தாக்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னது. 1977-ல் லூகாஸ் மனதில் இருந்த அந்தச் சின்னக் கூட்டத்தின் கோபம் மறுபடி உயிர் பெற்றது இதில்தான். நண்பரிடம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதுல ஜெடையே இல்லையாமே சார், எதுக்குப் பாக்கணும்?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஸ்டார் ட்ரெக்கின் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பாகி 47-வது நாள், 1969 ஜூலை 20-ல், மனிதன் நிஜமாகவே நிலாவில் இறங்கினான். அதற்கு முந்தைய வருடம் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் பான் ஆம் கம்பெனி விண்வெளிக்குப் பயணிகளை ஏற்றிப் போகும். நிஜத்தில் 2001-ம் வருடம் வருவதற்குப் பத்து வருடம் முன்பே, 1991-ல், பான் ஆம் திவாலாகி மூடப்பட்டது. அவர்களுடைய கணக்கு தப்பியது. ஆனாலும் முன்னால் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். தப்பினாலும் அது முன்னால் பார்த்த தப்பு. நாம் பின்னால் பார்த்து, சரியான விடையைக் காப்பியடித்துக்கொண்டிருக்கிறோம்.

1977 கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் தயாராகவில்லை. கென்னர் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பொம்மை இல்லாத அட்டைப் பெட்டியை விற்றது. உள்ளே ஒரு சீட்டு. அதை அனுப்பினால் சில மாதங்கள் கழித்து நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். ஊரே சிரித்தது, ஆனால் ஜனங்கள் வாங்கினார்கள். ஏமாற்று வேலை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் காலிப் பெட்டிக்குள் ஒன்று இருந்தது: வரப்போவதைப் பற்றிய ஒரு வாக்குறுதி. இன்றைக்கு விற்கும் பெட்டிகள் நிரம்பி வழிகின்றன. உள்ளே இருப்பது எல்லாம் ஏற்கெனவே வந்துபோனவை.

நண்பரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த தடவை காபி தருவீர்களா என்று தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன். அந்த அலமாரியைத் திறங்கள். ஃபால்கனை எடுத்து உங்கள் பையனிடம் கொடுங்கள். பிரிக்கட்டும். 7,541 துண்டையும் தரையில் கொட்டட்டும். பாதி சோஃபாவுக்கு அடியில் போகும், உங்கள் காலில் நாலு குத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அவன் வேறு எதையோ கட்டுவான். கோணலாக இருக்கும், கலரெல்லாம் பொருந்தாது, என்னவென்று உங்களுக்கும் புரியாது, எனக்கும் புரியாது.

ஃப்ளாஷ் கார்டன் கிடைக்காத ஒரு இளைஞர் எழுபதுகளில் கட்டியதும் அப்படித்தான் இருந்தது.